மூன்றாவது படுக்கை

மனைவியை வாழ்நாளில் ஒரே ஒரு முறையேனும் வென்றுவிடுவது என்று மெர்ல் ஸ்டாங்லண்ட் உறுதி பூண்டார். அதற்கு ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அன்று காலை முகச்சவரம் செய்துகொண்டபோது கண்ணாடியில் தெரிந்த முகம், தோற்றுப்போகிற முகமாக அவருக்குப் படவில்லை.

மொன்டானாவின் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பனி அகற்றும் வண்டியை ஓட்டியவர் அவர். பத்துச் சக்கரம், முன்னால் வீட்டுச் சுவரின் அகலத்துக்கு ஓர் இரும்புப் பலகை. அவர் வருகிறார் என்றால் மலைச்சாலையில் மான்கூட ஒதுங்கி நின்று வழிவிடும். அப்பேர்ப்பட்ட மனிதர் ஓய்வு பெற்றபின் எதை ஓட்டினார்? மனைவி ஆர்டிஸ் தேர்ந்தெடுத்த சின்னஞ்சிறு பிக்கப் வண்டியை. அதன் பின்தொட்டியில் நான்கு வைக்கோல் கட்டுகளை ஏற்றிவிட்டால் ஐந்தாவதை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். நிறமோ வெளிர்நீலம். கடைத்தெருவில் அதை நிறுத்தி இறங்கும்போதெல்லாம், வேறு யாருடைய வண்டியிலிருந்தோ இறங்குபவர் போல முகத்தை வைத்துக்கொள்வார்.

பக்கத்து வீட்டு ராய்ஸிடம் இருப்பது போன்ற பெரிய டீசல் வண்டி ஒன்று தமக்கும் வேண்டும் என்பதே மெர்லின் ஆசை. பின்புறம் மட்டும் நான்கு சக்கரம் உருளும் வண்டி. கிளப்பினால் தெருவிலுள்ள கண்ணாடிச் சன்னல்கள் அதிர வேண்டும். ஆறு ஆண்டுகளாகக் கேட்டு வந்தார். ஆறு ஆண்டுகளாக ஆர்டிஸ் ஒரே ஒரு சொல்லைத்தான் பதிலாகச் சொல்லி வந்தாள்: “எதுக்கு?” சுவரில் முட்டிய வண்டி போல ஒவ்வோர் ஆண்டும் அந்த ஒற்றைச் சொல்லில் முட்டி நின்றார் மெர்ல்.

இந்த ஆண்டு வண்டியைப் பற்றிப் பேசவே போவதில்லை. கேம்பர் கேட்கப் போகிறார். பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் அப்படியே இறக்கி உட்காரவைக்கிற குட்டி வீடு அது. அடுப்பும் படுக்கையும் உள்ளேயே இருக்கும். ஊர் ஊராகச் சுமந்து திரியலாம். ஊர் சுற்ற வேண்டுமென்று ஆர்டிஸும் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆகவே மறுக்க மாட்டாள். கேம்பர்களிலேயே பெரியதாக, ‘பெருங்கரடி’ என்று பெயரிட்ட ஒன்றை மெர்ல் தேர்ந்தெடுப்பார். அதை வெளிர்நீலக் குட்டியின் முதுகில் ஏற்றியதும் பின்பக்கம் தரையில் உட்காரும். மூக்கு வானத்தைப் பார்க்கும். அதைக் கண்டதும் ஆர்டிஸ் தன் வாயாலேயே சொல்வாள்: “பெரிய வண்டி ஒண்ணு வாங்கிடலாம்.” உடனே மெர்ல் மிகவும் வருத்தப்பட்டு, “நீ சொன்னா சரி” என்று இணங்குவார்.

இப்படி ஒரு திட்டத்தை அந்த மாநிலத்தில் வேறு எந்தக் கணவனும் தீட்டியிருக்க மாட்டான் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை காலைச் சிற்றுண்டி வரைக்கும் நிலைத்திருந்தது.

“ஆர்டிஸ், உனக்கு ஒண்ணு காட்டணும்.”

“மருவா? டாக்டர்கிட்ட காட்டு.”

“மரு இல்ல. வீடு. வண்டி மேல வைக்கிற வீடு. இதைப் பாரேன்.”

வண்ணப் படங்கள் நிறைந்த விளம்பரத் தாளை, மான்கறித் தொத்திறைச்சித் தட்டுக்கும் காப்பிக் குவளைக்கும் நடுவே விரித்தார். ஆர்டிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

“அட, கேம்பர்! குளிக்கிற அறைகூட இருக்கே. வெந்நீர் வருமா?”

“அருவி மாதிரி கொட்டும்.”

“அடுப்பு?”

“மூணு.”

“அடேயப்பா! நம்ம வீட்டுல எரியிறதே மூணுதான். நாலாவதை நாளைக்கு ரிப்பேர் பண்றேன்னு நீ சொல்லி எத்தனை நாள் ஆச்சு?”

மெர்ல் அந்தக் கேள்வியை மிக நாசூக்காகக் கடந்து சென்றார். ஆர்டிஸின் விரல் படத்தில் மெல்ல நகர்ந்து, சன்னலோரம் இருந்த சாப்பாட்டு மேசையின் மேல் நின்றது.

“இந்த மேசை எதுக்கு இவ்வளவு பெருசு?”

“ராத்திரி அதை இறக்கிவிட்டா படுக்கையாயிடும். மூணாவதா ஒரு ஆள் தாராளமா படுக்கலாம்!”

அந்த வாக்கியத்தைச் சொன்னபோது மெர்லுக்குத் தம் சாதுரியத்தில் பெருமையாக இருந்தது. பின்னாளில் அதை நினைக்கும்போதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“மூணாவது ஆளா?” ஆர்டிஸின் முகம் மலர்ந்தது. “அப்ப ட்வைலா வரலாமே!”

மெர்ல் அப்போதுதான் காப்பியை வாயில் வைத்திருந்தார். பாதி உள்ளே போயிற்று. மீதி பெருங்கரடியின் மேல் விழுந்தது.

ட்வைலா ஆர்டிஸின் அக்காள். கணவாய்க்கு அப்பால், ஐடஹோ மாநிலத்துச் சாமன் என்ற ஊரில் தனியாக வசிப்பவள். தேவாலயப் பாடகர் குழுவை நாற்பது ஆண்டுகள் நடத்தியவளாகையால், எதிரே யார் வாயைத் திறந்தாலும் சுருதி சரியில்லை என்பாள். ஒருமுறை ஸ்போகேன் நகரத்துத் திருமணம் ஒன்றுக்கு அவளை வண்டியில் ஏற்றிச் சென்றார்கள். பின்னிருக்கையில் அமர்ந்துகொண்டு ஒவ்வொரு வளைவையும் அது வருமுன்னரே அறிவித்தாள். வாழ்நாளெல்லாம் மலைப்பனியை வழித்துத் தள்ளிய மனிதரிடம், “பனியில மெதுவா ஓட்டணும், மெர்ல்” என்று அறிவுரை சொன்னாள். அது ஜூலை மாதம். அவள் வீட்டில் போய்த் தங்கினாலோ, விடிவதற்கு முன்னரே எழுந்து, தொண்டையைச் சரிசெய்துகொள்ளத் துதிப்பாடல்களை முழுக்குரலில் பாடுவாள். போதாக்குறைக்கு, துருவிய காரட் மிதக்கும் பச்சை நிற ஜெல்லி ஒன்றைச் செய்து, மூன்று வேளையும் அடுத்தவர் தட்டில் வைப்பாள். வைத்துவிட்டு, தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

“எத்... எத்தனை நாளைக்கு வருவா?”

“கோடை முழுக்கத்தான். பாவம், தனியா இருக்கா.”

“தனியா இருக்கிறது அவளுக்குப் பிடிக்குமே!”

“தனியா இருக்கிறது யாருக்குப் பிடிக்கும்?”

அப்படி ஒருவரை மெர்லுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பெயரைச் சொல்லும் துணிவு வரவில்லை.

“நல்ல யோசனை பண்ணியிருக்கே, மெர்ல்,” என்று ஆர்டிஸ் அவர் தோளைத் தட்டினாள். “உன்னை என்னமோ நினைச்சேன். சனிக்கிழமை மிசூலாவுக்குப் போய் நேர்லயே பார்த்துடலாம். ட்வைலாவுக்கு இப்பவே போன் பண்ணிச் சொல்லட்டுமா?”

“வேண்டாம்! இப்ப வேண்டாம். திடீர்னு சொல்லி சந்தோஷப்படுத்தலாம்.”

மெர்ல் நேராக வேலிக்குப் போனார். வேலிக்கு அந்தப் பக்கம் ராய்ஸ் தன் டீசல் வண்டியைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது போலக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

“ராய்ஸ், நான் செத்தேன்.”

“அடக்கம் எப்போ? புதன்கிழமை வெச்சுடாதே. எனக்கு மீன் பிடிக்கப் போகணும்.”

மெர்ல் நடந்ததையெல்லாம் கூறினார். ராய்ஸ் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு மிகுந்த அக்கறையோடு கேட்டார். கேட்டு முடித்ததும் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார்.

“சிரிக்காதே! வழி சொல்லு.”

“வழி உன் வண்டியிலேயே இருக்கு. ஓட்டுற பக்கத்துக் கதவைத் திற. தூண்ல ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆளும் சரக்கும் சேர்ந்து எவ்வளவு எடை ஏத்தலாம்னு அதுல போட்டிருப்பான். உன் வண்டிக்கு அந்தப் பெருங்கரடி ரெண்டு மடங்கு ஜாஸ்தி. ஆர்டிஸ்கிட்ட அதைக் காட்டு. சின்ன வண்டி, அதனால சின்ன கேம்பர். சின்ன கேம்பர்ல மூணாவது படுக்கை கிடையாது. கதை முடிஞ்சுது.”

“சின்ன கேம்பருக்கு என் வண்டியே போதுமே. அப்ப பெரிய வண்டி?”

“பெரிய வண்டி வேணுமா, ட்வைலா வேண்டாமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு.”

மெர்ல் ராய்ஸின் வண்டியைப் பார்த்தார். ஈரம் சொட்ட வெயிலில் மின்னிய அந்த நான்கு பின்சக்கரங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கோடை முழுவதையும் எண்ணிப் பார்த்தார். ஜூன், ஜூலை, ஆகஸ்டு. விடியலில் துதிப்பாடல், மூன்று வேளை ஜெல்லி, கழுத்துக்குப் பின்னால் மூச்சுவிடும் தூரத்தில் ஒரு குரல்.

“ஸ்டிக்கர் எந்தப் பக்கம்னு சொன்னே?” என்றார்.

ஸ்டிக்கர் ராய்ஸ் சொன்ன இடத்திலேயே இருந்தது. இத்தனை ஆண்டுகளாக அந்தக் கதவைத் திறந்து மூடியும் மெர்ல் அதைப் படித்ததில்லை. அன்று வேத வாக்கியம் போலப் படித்தார். பிறகு கணக்குப் போட்டார். தம் எடை அவருக்குத் தெரியும். ஆர்டிஸின் எடையை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. மணவாழ்வு இத்தனை காலம் நீடித்ததற்கு அதுவே முதற்காரணம். ஆகவே இருவருக்கும் சேர்த்து நானூறு பவுண்டு என்று பொதுவாக வைத்துக்கொண்டு, அதில் யார் பங்கு எவ்வளவு என்ற விவகாரத்துக்குள் நுழையாமல் தாண்டினார். மிஞ்சிய எடையில் பெருங்கரடியின் ஒரு காலைக்கூடத் தூக்க முடியாது. மெர்ல் மூச்சுவிட்டார். காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு அவர் விட்ட முதல் நிம்மதி மூச்சு அது.

சனிக்கிழமை மிசூலாவில், கேம்பர்கள் வரிசையாக நின்ற கடைமுற்றத்தில், ப்ரெண்ட் என்ற விற்பனையாளன் அவர்களை எதிர்கொண்டான். இடைவாரில் சாப்பாட்டுத் தட்டளவுக்கு ஒரு வெள்ளி பக்கிள் மின்னியது. ஆர்டிஸ் அவனைக் கேளாமலேயே பெருங்கரடியின் படிகளில் ஏறிவிட்டாள். அலமாரிகளைத் திறந்தாள், மூடினாள். குழாயைத் திருகினாள். மேசையை இறக்கிப் படுக்கையாக்கி அதன்மேல் உட்கார்ந்து பார்த்தாள்.

“ட்வைலாவுக்கு இந்த ஜன்னல் ரொம்பப் பிடிக்கும், மெர்ல். படுத்தபடியே உன் முதுகு தெரியும்.”

மெர்ல் சட்டென்று ப்ரெண்டின் பக்கம் திரும்பினார்.

“இதோட எடை எவ்வளவு தம்பி?”

ப்ரெண்ட் ஓர் எண்ணைச் சொன்னான். சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“இது காலியா இருக்கும்போதா?”

“ஆமா சார். காலியா.”

“காலின்னா? தண்ணி?”

“தண்ணி சேராது சார்.”

“காஸ்?”

“அதுவும் சேராது.”

“பேட்டரி? மெத்தை?”

“அதெல்லாம்... நாம தனியா பார்த்துக்கலாம் சார்.”

“ஆக, யாரும் சாப்பிடாம, குடிக்காம, படுக்காம போனா இதுதான் எடை. அப்படிப் போறதுக்குப் பேர் சுற்றுலா இல்ல தம்பி, சவ ஊர்வலம்!”

பெருங்கரடியைத்தான் வாங்குவது என்று ஒரு வாரத்துக்கு முன் உறுதி பூண்ட அதே மனிதர், இப்போது அதன் எதிரே நின்று வழக்கறிஞரைப் போல வாதாடினார். ஸ்டிக்கரை ஓதினார். சரிவில் பிரேக் என்ன பாடுபடும், வளைவில் தலைப்பாரம் எப்படிச் சாய்க்கும், டயர் எப்படி வெடிக்கும் என்று விளக்கினார். ப்ரெண்ட் இரண்டடி பின்வாங்கினான். இவ்வளவு தீவிரமாகத் தனக்கெதிராகவே பேரம் பேசுகிற வாடிக்கையாளரை அவன் கண்டதில்லை.

ஆர்டிஸ் படியில் நின்றபடி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கைப்பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்:

“அவ்வளவுதானே? பெரிய வண்டி ஒண்ணு வாங்கிடலாம்.”



அதே வாக்கியம். ஒரு சொல் கூடவில்லை. ஒரு சொல் குறையவில்லை. ஆறு ஆண்டுகளாக எந்த வாக்கியத்துக்காகத் தவம் கிடந்தாரோ, எதற்காகத் திட்டம் தீட்டினாரோ, அது ஆர்டிஸின் வாயிலிருந்தே, வெயிலில், சாட்சியோடு வெளிவந்துவிட்டது. வேலிக்கு அப்பால் இருந்த அடுத்த கடையில் பெரிய வண்டிகள் அணிவகுத்து நின்றன. முதல் வரிசையில் கருஞ்சிவப்பில் ஒரு டீசல். பின்னால் நான்கு சக்கரம். அதன் முன்விளக்குகள் இரண்டும் மெர்லையே பார்த்துக்கொண்டிருந்தன. ப்ரெண்டின் முகத்திலும் விளக்கெரிந்தது. “எங்க அண்ணன்தான் அங்க...” என்று தொடங்கினான்.

மெர்ல் கண்ணை மூடிக்கொண்டார். இருட்டில் பச்சை நிறமாக ஏதோ நடுங்கியது. அதற்குள் காரட் துருவல் தெரிந்தது.

“வேண்டாம்,” என்றார்.

“என்ன வேண்டாம்?”

“பெரிய வண்டி வேண்டாம்.”

ஆர்டிஸ் படியிலிருந்து இறங்கி வந்து அவர் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். “காய்ச்சல் இல்லையே. வருஷா வருஷம் நீதானே கேட்டே?”

“கேட்டேன். தெரியாம கேட்டேன். பெரிய வண்டி எதுக்கு?”

தம் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லைக் கேட்டு மெர்லே திடுக்கிட்டார். ஆனால் தொடங்கியாயிற்று, நிறுத்த முடியவில்லை. “நம்ம வண்டிக்கு என்ன குறை? காட்டுப் பாதையில மரத்துக்கு நடுவுல நுழையும். ஆத்தங்கரை வரைக்கும் இறங்கும். பெரிய வண்டியால அங்கெல்லாம் திரும்பக்கூட முடியாது. கலரைப் பாரு, எவ்வளவு குளிர்ச்சியா இருக்கு!”

“கலரா?” என்றாள் ஆர்டிஸ்.

“எனக்கு எப்பவும் பிடிச்ச கலர்தான்.”

ப்ரெண்ட் மிகுந்த மனவருத்தத்தோடு அவர்களை முற்றத்தின் கோடிக்கு அழைத்துச் சென்றான். அங்கே, சிறிய பிக்கப் வண்டிகளுக்கென்றே செய்த ஒரு கேம்பர், தொப்பிப் பெட்டி போலத் தட்டையாக உட்கார்ந்திருந்தது. உள்ளே நுழைந்து கூரையை ப்ரெண்ட் இரு கைகளாலும் மேலே தள்ளினான். கித்தான் சுவர்கள் விரிந்தன; தொப்பிப் பெட்டி வீடாயிற்று. ஓட்டுநரின் தலைக்கு மேலே நீளும் படுக்கை ஒன்று. இரண்டு அடுப்பு. சூப்புக் கிண்ணத்தின் அளவில் ஒரு கழுவுதொட்டி. வெந்நீர் அருவி இல்லை. கழிப்பறை, இருக்கைக்கு அடியில் ஒரு பெட்டியாக இருந்தது. மூன்று பேர் நின்றால் ஒருவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும்.

ஆர்டிஸின் முகம் நீண்டது. “மூணாவது ஆள் எங்க படுக்கிறது?”

“எங்கயும் முடியாது!” என்று மெர்ல் உற்சாகமாகக் கூவினார். உடனே தொண்டையைக் கனைத்துக்கொண்டு குரலைத் துக்கத்துக்கு மாற்றினார். “எங்கயும் முடியாது போலிருக்கே. அடடா.”

“இந்த சீட்டுல?”

“முட்டியை மடக்கணும். வயசானவளை அப்படிக் கஷ்டப்படுத்தலாமா? பாவம் இல்லையா?”

“அப்ப ட்வைலாகிட்ட நீயே சொல்லிக்கோ. என்னால முடியாது.”

“நானே நேர்ல சொல்றேன். ரொம்ப வருத்தத்தோட சொல்றேன்.”

ஆர்டிஸ் பெருமூச்சுவிட்டாள். கேம்பரை ஒரு சுற்று சுற்றி வந்தாள். பிறகு ப்ரெண்டைக் கேட்டாள்: “இதோட நடுப்பாரம் எங்க விழும் தம்பி? எங்க வண்டியோட பின் அச்சுக்கு முன்னாலதானே?”

ப்ரெண்ட் வியப்போடு அவளைப் பார்த்துவிட்டு, பக்கவாட்டில் ஒட்டியிருந்த அம்புக்குறியைக் காட்டினான். “முன்னாலதான் விழும் மேடம். அதுதான் சரி.”

“எங்க தொட்டி அஞ்சடி. பின்கதவைக் கழட்டினாத்தான் உக்காரும், இல்லையா?”

“ஆமா மேடம். அஞ்சு நிமிஷ வேலை.”

தையல் ஊசிக்கும் கேக் மாவுக்கும் மட்டுமே அளவெடுத்து வந்த ஆர்டிஸ், பின் அச்சைப் பற்றி எங்கே கற்றுக்கொண்டாள்? வேறொரு நாளாக இருந்தால் மெர்ல் கேட்டிருப்பார். அன்று அவர் நிம்மதியில் மிதந்துகொண்டிருந்தார். நிம்மதியாக இருக்கும் மனிதன் காதில் எதுவும் விழாது.

ஜூன் மாதத்தில் புறப்பட்டார்கள். வெளிர்நீல வண்டி தன் முதுகுச் சுமையோடு மட்டமாக நின்றது. பின்பக்கம் தாழவும் இல்லை, மூக்கு உயரவும் இல்லை. ஸ்டிக்கர் அனுமதித்த எடையில் ஹக்கில்பெரி என்ற காட்டுப்பழத்தில் செய்த ஒரு பணியாரத்துக்கும் இடம் மிஞ்சியிருந்தது. லாஸ்ட் டிரெயில் கணவாயில் ஏறி, உச்சியைத் தாண்டி, ஐடஹோ பக்கத்துச் சரிவில் இறங்கத் தொடங்கினார்கள். இரண்டாவது வளைவில் சாலையோரமாகப் புகை தெரிந்தது.

ஒரு பிக்கப் வண்டி. மெர்லின் வண்டியைவிட ஒரு விரற்கடை பெரியதாக இருக்கலாம். அதன் முதுகில் பெருங்கரடி உட்கார்ந்திருந்தது. மூக்கு வானத்தைப் பார்த்தது. நான்கு சக்கரங்களிலிருந்தும் கருகிய நெடியோடு புகை வந்தது. வண்டிக்காரர் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். சற்றுத் தள்ளி, மடக்கு நாற்காலியைப் போட்டு, கணவருக்கு முதுகைக் காட்டியபடி அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

மெர்ல் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். “தண்ணி ஊத்தாதீங்க! சூட்டுல பிரேக் இரும்பு விரிசல் விட்டுடும். தானா ஆறட்டும்.”

“கடையில தாங்கும்னு சொன்னாங்க,” என்றார் அந்த மனிதர். அவர் முகம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. “பாதி வழியில பிரேக்கை மிதிக்கிறேன், கால் பாட்டுக்குத் தரை வரைக்கும் போகுது. கை பிரேக்கைப் போட்டு, மண்மேட்டுல ஏத்தித்தான் நிறுத்தினேன்.”

அந்த மண்மேட்டை மெர்லுக்குத் தெரியும். அதற்கு அடுத்த வளைவையும் தெரியும். குளிர்காலங்களில் அந்த வளைவுக்குக் கீழிருந்து எத்தனை வண்டிகளைக் கயிறு கட்டித் தூக்கினார்கள் என்பதும் தெரியும். பிரேக் ஆறும்வரை உடன் இருந்தார். இழுவை வண்டிக்குச் சொல்லி அனுப்பினார். ஆர்டிஸ் அந்தப் பெண்ணின் அருகில் போய்ப் பணியாரத்தில் பாதியைக் கொடுத்து, ஏதோ மெல்லப் பேசிவிட்டு வந்தாள்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தபின் மெர்ல் உடனே கிளப்பவில்லை.

“கொஞ்சம் இரு,” என்றாள் ஆர்டிஸ். “அவசரம் ஒண்ணும் இல்ல.” அவர் கையின்மேல் தன் கையை வைத்துக்கொண்டாள். வெளிர்நீல வண்டியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அன்றிரவு ஆற்றோரம் தங்கினார்கள். கித்தான் சுவரில் மழை தட்டியது. வண்டி மரங்களுக்கு நடுவே நுழைந்து, பெரிய வண்டிகள் எவையும் எட்டிப் பார்க்க முடியாத ஓர் இடத்தில் நின்றது. மெர்ல் ஓய்வு பெற்றபின் அவ்வளவு நன்றாக ஒருநாளும் தூங்கியதில்லை.

மறுநாள் நண்பகலில் சாமன் ஊரில், ட்வைலாவின் வெள்ளை வீட்டின் முன்னே வண்டியை நிறுத்தினார்கள். ஆர்டிஸ், பணியாரத்துக்கு ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு பறித்து வருவதாகச் சொல்லித் தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள். மெர்ல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இரங்கல் தெரிவிக்க வந்தவரைப் போல வரவேற்பறையில் நின்றார்.

“ட்வைலா, மனசைத் தேத்திக்கோ.”

“யார் போயிட்டா?”

“யாரும் போகல. நீதான்... உன்னாலதான் எங்ககூட வர முடியாது. நான் என்னென்னமோ பண்ணிப் பார்த்தேன். எடை இடிக்குது. மூணாவது படுக்கை இல்ல. எனக்கு எவ்வளவு வருத்தம்னு உனக்குத் தெரியாது.”

ட்வைலா சன்னல் வழியாக அந்தத் தொப்பிப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு மெர்லைப் பார்த்தாள்.

“அதுக்குள்ளயா? நானா? மெர்ல், என் குளியல் தொட்டியை விட்டு ஒரு ராத்திரி நான் வெளியில இருந்தது உண்டா? ஸ்போகேன் கல்யாணத்துக்குப் போன அன்னிக்கே ராத்திரியோட ராத்திரியா உன்னைத் திரும்ப ஓட்டவெச்சேனே, மறந்துட்டியா? அதுவும் நீ ஓட்டி, கோடை முழுக்க! என் கழுத்து நரம்பு இன்னும் சரியாகல.”

“நீ வர ஆசைப்பட்டேன்னு ஆர்டிஸ்...”

ட்வைலா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். நாற்பது ஆண்டுகள் பாடிப் பழகிய வாய் எவ்வளவு நேரம் மூடியிருக்கும்?

“சொல்லக் கூடாதுன்னு சொன்னா. சரி, வாங்கினதுதான் வாங்கியாச்சே. பிப்ரவரியில வந்து அந்த நாற்காலியிலதான் உக்காந்தா. ‘அக்கா, உன் பேரைக் கொஞ்ச நாளைக்கு இரவல் குடு’ன்னா. எதுக்குடின்னேன். ‘மெர்ல் தூக்கத்துல பெருங்கரடி பெருங்கரடின்னு பேசறான். அதைக் காட்டி பெரிய வண்டிக்கு அடிபோடுறான். நான் வேண்டாம்னா பிடிவாதம் பிடிப்பான். அவன் வாயாலேயே வேண்டாம்னு வரணும்’னா. அந்தச் சின்ன கேம்பரை அன்னிக்கே அளந்து பார்த்துட்டுத்தான் இங்க வந்தா.”

மெர்ல் நாற்காலியில் உட்கார்ந்தார். அது அதே நாற்காலிதான்.

கோபப்பட வேண்டிய தருணம் இது என்று அவருக்குத் தோன்றியது. உள்ளே தேடிப் பார்த்தார். கோபம் அகப்படவில்லை. சன்னலுக்கு வெளியே வெளிர்நீல வண்டி மட்டமாக, புகையில்லாமல், சாதுவாக நின்றது. மடி நிறைய ருபார்ப் தண்டுகளோடு ஆர்டிஸ் அதன் பக்கமாக நடந்து வந்து, போகிற போக்கில் பின்சக்கரத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டாள்.

“அப்ப நீ வரமாட்டே,” என்றார் மெர்ல். “நிச்சயமா?”

“கட்டி இழுத்தாலும் வரமாட்டேன்.”

“அப்பாடா!” மெர்லின் மூச்சு பூட்ஸ் வரை இறங்கி வெளியே வந்தது.

“அதுக்குள்ள மூச்சு விடாதே. அடுத்த வருஷம் நீ படகு கேப்பியாம். அதுலயும் நான் ஏறப் போறேன்னு பிப்ரவரியிலயே சொல்லிவெச்சிருக்கா.”

படகு வாங்கும் ஆசை மெர்லுக்கே அன்று காலையில்தான் தோன்றியிருந்தது.